வட்டக் கரண்டி

மணி பன்னிரண்டு இருபது. ஒன்று ஐந்துக்கு மகள் வடிவை ஏற்றிக்கொண்டு நர்சரி வேன் வந்து வாசலில் ஹாரன் அடிக்கும், அதற்குள் கிண்ணம் காலியாகிவிட வேண்டும், காலியாகிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே காந்திமதி சல்லடையில் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றித் தேய்த்தாள். சொதியைச் சல்லடையில் தேய்ப்பதை அத்தை பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாள். தேய்க்காமல் என்ன செய்ய, பீன்ஸ் நார் ஒன்று போதும், முருங்கைக்காய்த் தோல் ஒரு நூல் போதும், அது போகக்கூடாத வழியில் போய் அவள் புருஷனின் நுரையீரலில் உட்கார்ந்துகொண்டால் மறுபடியும் ஜுரம், மறுபடியும் ஆம்புலன்ஸ், குன்னூரிலிருந்து கோயம்புத்தூர்வரைக்கும் அத்தனை வளைவு. முதல் தடவை அந்த வளைவுகளில் இறங்கும்போது அவள் வடிவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள், எண்ணி முடிப்பதற்குள் ஒன்றும் ஆகாது என்று ஒரு கணக்கு. இரண்டு மாதம் ஆகிவிட்டது. டீக் கம்பெனியின் ருசி பார்க்கும் அறையில் நாற்பத்தோராவது கோப்பைக்கும் நாற்பத்திரண்டாவது கோப்பைக்கும் நடுவில் அவள் புருஷன் நெல்லையப்பனுக்குத் தலை சுற்றியது, விக்கல் வந்தது, விழுந்தான். மூளைத்தண்டில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். நடை திரும்பிவிட்டது, வலது கை நன்றாக இருக்கிறது, இடது கை மட்டும் பொத்தானோடு சண்டை போடும். பேச்சும் பாதிக்குமேல் வந்துவிட்டது. விழுங்குவதுதான் வரவில்லை. முப்பத்தொன்பது வயது ஆளுக்கு எச்சிலை விழுங்கத் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள், பிறந்த அன்றைக்கே வடிவுக்குத் தெரிந்த வித்தை அல்லவா அது. மூக்கு ட்யூபை எடுத்து, வாயால் சாப்பிடட்டும் என்று வீட்டுக்கு அனுப்பிப் பதினோரு நாள். போன வாரம் எடை ஐம்பத்தொன்று அரை. நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடி ஏற வேண்டும் அந்த மெஷினில். ஐம்பதுக்குக் கீழே வந்தாலோ, சாப்பிடும்போது இருமல் அடங்காவிட்டாலோ வயிற்றில் ஓட்டை போட்டு ட்யூப் வைத்துவிடுவோம், வேறு வழியில்லை என்று டாக்டர் சொன்னபோது நெல்லையப்பன் ஈரக் குரலில், “நான் என்ன டேங்கா, மூடியத் திறந்து ஊத்துறதுக்கு” என்றான். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். காந்திமதிக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு நாளும் ஆஸ்பத்திரிப் பட்டியலில் இருந்தபடி சோறும் பருப்பும் காயும் ஒன்றாகப் போட்டு மிக்ஸியில் அரைத்த சாம்பல் நிறக் களியைத்தான் கொடுத்தாள். “போஸ்டர் ஒட்டலாம் இத வச்சு” என்று மூன்று கரண்டியோடு வாயை மூடிக்கொள்வான். இன்றைக்குச் சொதி. நாளைக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், நாக்குக்குக் கடைசியாக ஒரு, சீ, கடைசியாக என்று எந்த வாய் சொல்லும், சொல்லவில்லை, நினைக்கவும் இல்லை, சொதி கொதிக்கிறது பார், முதல் பால் ஊற்றியபிறகு கொதித்தால் திரிந்துபோகும், அடுப்பை அணை.

அணைத்தாள். குழைந்த சோற்றைத் தனியாக மசித்து வெண்ணெய்போல ஆக்கியிருந்தாள், சொதி தனி, இஞ்சிப் பச்சடியைத் துணியில் பிழிந்து அந்தச் சாற்றையும் கெட்டியாக்கித் தனி. மஞ்சளும் வெள்ளையும் கருஞ்சிவப்புமாக மூன்றும் மூன்று நிறமாக இருப்பதைப் பார்க்கவே ஒரு தெம்பு வந்தது. கரண்டியைச் சாய்த்தால் சொட்டக்கூடாது, ஒட்டி நின்று யோசித்து அப்புறம் நழுவ வேண்டும் என்று ரெஜினா மேடம் சொல்லிக்கொடுத்திருந்தாள். விழுங்குவதற்கு என்று ஒரு பயிற்சி உண்டு, அதற்கென்று ஒரு டீச்சரம்மா உண்டு என்பதே காந்திமதிக்கு அதுவரை தெரியாது. நிமிர்ந்து உட்கார வைக்கணும். தாடை கீழே, கொஞ்சம் இடது பக்கம் திரும்பி. அரைக் கரண்டி. ஒரு தடவை விழுங்கி, வெறும் வாயோடு இன்னொரு தடவை. அப்புறம் ‘ஆ’ சொல்லச் சொல்லணும். ‘ஆ’ காய்ந்திருந்தால் சரி, தண்ணிக்குள்ளிருந்து வருவதுபோல் கொரகொரவென்று ஈரமாக இருந்தால் உள்ளே தங்கியிருக்கிறது, நிறுத்து. இப்போது அவள் கனவிலும் அந்த ‘ஆ’தான். குக்கர் விசில் ஈரமாகக் கேட்கிறது, குழாய் ஈரமாகக் கேட்கிறது, வடிவு சிரித்தால்கூட ஒரு நொடி காதைத் தீட்டிக்கொண்டு பார்க்கிறாள். தட்டில் மூன்றையும் பரப்பி மேஜையில் வைத்தாள். நெல்லையப்பன் ஸ்வெட்டரின் மேல் துண்டைத் தானே கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான், தேர்வுக்கு வந்த பையனைப்போல. மூக்கை ஒரு தடவை இழுத்தான். கண் விரிந்தது. “சொதியாட்டி?” என்றான். “ஆமா அத்தான். மறுவீட்டுச் சொதி. நம்ம கல்யாணத்துக்கு மறுநாள் அஞ்சு தடவ கேட்டு வாங்குனீங்களே.” “ஆறு.” “சரி ஆறு. பேசாதீங்க, எச்சில் சேரும்.” அவள் அந்தக் கரண்டியை எடுத்தாள். வட்டமாக, குழிவாக, குட்டைக் காம்போடு, வெள்ளி முலாம் பூசியது. அவன் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் ஆனதற்கு டீக் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது, காம்பில் ‘நெல்’ என்று வெட்டியிருக்கும், அங்கே இருந்த யாருக்கும் நெல்லையப்பன் என்று முழுதாகச் சொல்ல நாக்குப் புரளவில்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவன் ஆபீஸ் பெட்டியைக் குடைந்து அதைத் தேடி எடுத்து, வெந்நீரில் போட்டு, துடைத்து, இனிமேல் இதில்தான் ஊட்டுவேன் என்று அவளே வைராக்கியமாக எடுத்துக்கொண்டாள். அரைக் கரண்டி சோறு, அதன்மேல் சொதி. அவன் உதட்டில் வட்டக் கரண்டி தொட்டது. ஸ்ர்ர்ரூப். பழைய துணியை ஒரே இழுப்பில் கிழிப்பதுபோல. அடுத்த கணம் முகம் சிவந்து கண் பிதுங்கி இருமல்.

இருமட்டும், இருமட்டும், இருமல் நல்லது, இருமல்தான் காவல்காரன், தண்ணீர் கொடுக்கக்கூடாது, தலையில் தட்டக்கூடாது. அவள் கை தானாக அவன் உச்சந்தலைக்குப் போய் நின்றுவிட்டது, தட்டி யாரோ நெனைக்காங்க என்று சொல்லி ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிப் பழகின கை. அந்த ஒரு டம்ளர்தான் போன மாதம் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரை ஐ.சி.யு.வுக்கு அனுப்பியது, பாவம், அவர் தங்கச்சி, பாசமாகத்தான் தட்டினாள், பாசமாகத்தான் ஊற்றினாள். காந்திமதி கையை மடியில் போட்டுப் பூட்டிக்கொண்டாள். வயிற்றில் ட்யூப். ஸ்வெட்டருக்குள்ளிருந்து ஒரு ரப்பர் வால். வடிவு அதைப் பிடித்து இழுத்துவிட்டால். வடிவு கேட்பாளே, அப்பாவுக்குப் பசிக்காதா, அப்பாவுக்கு ருசிக்காதா என்று. ருசிக்கென்றே பிறந்த வாய் அல்லவா இது. கல்யாணமான மூன்றாம் மாதம் ருசி பார்க்கும் அறையை அவளுக்குக் காட்டக் கூட்டிப்போனான். நீள மேஜையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக, அவன் வெள்ளை ஏப்ரனோடு ஒவ்வொன்றிலும் வட்டக் கரண்டியை முக்கி, ஸ்ர்ர்ரூப் என்று காற்றும் டீயுமாகத் தொண்டை மேல்வரைக்கும் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, சக்கரம் வைத்த தொட்டியில் துப்பிவிட்டு, அடுத்தது. ஒரு நாளைக்கு முந்நூறு கோப்பை. ஒரு வாய்கூட உள்ளே போகாது. கான்வென்ட்டில் சூப்பைச் சத்தமில்லாமல் குடித்துச் சான்றிதழ் வாங்கிய காந்திமதிக்கு அன்றைக்கு அந்தச் சத்தத்தில் காது கூசி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு. “சத்தமில்லாம உறிஞ்சினா டீ பேசாதுட்டி” என்றான். அப்புறம் அந்தச் சத்தம் வீட்டுச் சத்தமாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ரசத்தை அப்படி உறிஞ்சி வடிவைச் சிரிக்க வைப்பான், அவளும் பால் டம்ளரோடு ஸ்ர்ரூப் என்பாள், ரெண்டு ஸ்ர்ரூப்புக்கு நடுவில் காந்திமதி உட்கார்ந்து சாப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் அந்தச் சத்தம் இல்லை. நாற்பத்தாறு நாள் அது இல்லாமல் இருந்தது. வீட்டுக்கு வந்து முதல் கரண்டியில் அது திரும்பி வந்தபோது அவள் அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதாள், அத்தைக்குப் போன் போட்டு, “அத்தானுக்குப் பழைய சத்தம் வந்துட்டு அத்தை” என்றாள். பிள்ளையாருக்குத் தேங்காய்கூட நேர்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் அது இல்லை. அங்கே ரெஜினா மேடத்தின் கையில் வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டி, ஐஸ்கிரீம் கடைக் கரண்டிபோல் தட்டையாக. அங்கே சத்தம் இல்லை. அங்கே இருமலும் இல்லை. அங்கே கிண்ணம் காலியாகும், மேடம் நோட்டில் டிக் போடுவாள். இங்கேதான் இருமல். வீட்டுச் சாப்பாடு சேரவில்லையோ, குளிரோ, என் கை ராசியோ என்று பதினோரு ராத்திரி புரண்டாளே. அங்கே இருமல் இல்லை, அங்கே சத்தம் இல்லை. சத்தம். காந்திமதி மடியில் பூட்டியிருந்த கையைப் பிரித்து மேஜைமேல் கிடந்த கரண்டியைப் பார்த்தாள். காற்றும் டீயுமாகத் தொண்டை மேல்வரைக்கும். காற்று போகிற வழியில் சோறும். அட கடவுளே. அவள் ஆனந்தக் கண்ணீர் விட்ட அந்தச் சத்தத்தில்தான் ஒவ்வொரு கரண்டியும் நேரே நுரையீரலுக்குப் போயிருக்கிறது.

பதினோரு நாள், வேளைக்கு மூன்று கரண்டி, அவளே, அவள் கையாலேயே, வெந்நீரில் கழுவிக் கழுவி. கரண்டியை எடுத்து முந்தானையில் சுற்றினாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் செருகினாள், எடுத்து மேஜைக்கு அடியில் ஸ்டூலில் வைத்தாள், கொலைகாரி கத்தியை ஒளித்து வைப்பதுபோல இருந்தது. இருமல் அடங்கிவிட்டது. “ஆ சொல்லுங்க.” “ஆ.” ஈரம். “இன்னொரு தடவ முழுங்கி, செருமிட்டுச் சொல்லுங்க.” “ஆ.” பரவாயில்லை, காய்ந்துவருகிறது. “அத்தான், இந்தக் கரண்டி வந்தா வாய் தானா உறிஞ்சுதோ?” நெல்லையப்பன் அவளைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரத்தைப் பார்த்தான். “ஆமா. நிறுத்தணும்னு பாக்கேன், நிக்க மாட்டேங்கு. பதினாறு வருசப் பழக்கம்லா.” “அத ஏன் சொல்லல நீங்க? பதினோரு நாளா?” அவன் துண்டால் வாயைத் துடைத்தான். “நீ ஆசையாக் கொண்டாந்தல்லா. அதக் கேட்டா ஒன் மூஞ்சி மலருது.” பைத்தியக்காரா என்று கத்தத் தோன்றியது, அத்தானைப் பைத்தியக்காரா என்று கத்தலாமா, கத்தினால்தான் என்ன, நான் மலர்வதற்காக நீ மூச்சுத் திணறுவாயா, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சந்தோஷப்படுத்திக்கொண்டே நேரே அந்த ட்யூபில் போய் நின்றிருப்போமே. கத்தவில்லை. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்து, அவன் தன் கண்ணில் படும்படியே, கதவு திறந்திருந்த அடுப்படியில் ட்ராயரை இழுத்தாள். சாப்பாட்டுக் கரண்டி, டீக் கரண்டி, வடிவின் பூனைக்குட்டி படம் போட்ட கரண்டி, எல்லாம் குழிவு, மேடத்தின் தட்டைக் கரண்டிபோல் ஒன்றுகூட இல்லை. டீக் கரண்டியை வெறுமனே எடுத்துவந்து அவன் உதட்டுக்கு நேரே நீட்டினாள், அது தொடுவதற்கு முன்பே உதடு குவிந்துவிட்டது. பூனைக்குட்டிக்கும் குவிந்தது. அவனுக்கே சிரிப்பு வந்தது. மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு. சொதி ஆறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவள் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த அவன் வலது கையைப் பார்த்தாள்.

கை. கையா. ஸ்பூன், கேண்டி, ஸ்பூன். சிஸ்டர் பெனடிக்டா கான்வென்ட் சாப்பாட்டு அறையில் நாற்காலிகளுக்குப் பின்னால் ரப்பர் செருப்பில் சத்தமில்லாமல் நடப்பாள், காந்திமதியைக் கேண்டி ஆக்கியவள் அவள்தான். ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம் தயிர்சாதத்தில் கை வைத்ததற்காக அந்தச் சாதத்தை நின்றுகொண்டே சாப்பிடச் சொன்னாள், அறுபது பிள்ளைகளும் பார்த்தார்கள், விரலிலிருந்து தயிர் சொட்டியது. அதற்கப்புறம் காந்திமதி கையால் சாப்பிட்டதில்லை, அம்மா வீட்டிலும் இல்லை, கல்யாணப் பந்தியில்கூட ஒரு ஸ்பூனைக் கைப்பையில் கொண்டுபோனாள். “நம்ம மருமவ சாப்பிட ஒக்காந்தா கொத்தனார் வேல நடக்க மாரில்லா இருக்கு, டங்கு டங்குன்னு” என்று அத்தை ஊர் முழுக்கச் சொன்னாள். ஆனால் அரைக் கரண்டி என்றுதானே மேடம் சொன்னாள், கை என்று சொல்லவில்லையே, அளவு தப்பிவிட்டால், வேகமாக அள்ளிவிட்டால். போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே ரெஜினா மேடம் எடுத்தாள், எதிர்ப்பக்கத்தில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். காந்திமதி கரண்டியைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னாள், கையால் சாப்பிடலாமா என்று கேட்டாள். “கைதாம்மா நல்லது! குனிஞ்சு சாப்பிடுவாரு, தாடை தானா கீழ வரும். தட்டைக் கொஞ்சம் இடது பக்கமா தள்ளி வைங்க, தலையும் தானா திரும்பும். சின்னச் சின்ன வாயா, ரெண்டு தடவ முழுங்கணும், நீங்க கிட்டவே இருங்க, இருமினா நிறுத்துங்க. நான்தான் முதல் நாளே சொன்னேனே, நீங்கதானே வேண்டாம் மேடம், ஸ்பூன்தான் டீசன்ட்டுன்னீங்க?” சொன்னாள். ஆமாம், சொன்னாள். டீசன்ட் என்றேதான் சொன்னாள், கட்டிலில் ஒரு மனுஷன் எச்சில் விழுங்க முடியாமல் கிடக்கும்போது. போனை வைத்தாள். சிஸ்டர், தள்ளிப் போங்க, வழியை விடுங்க, என் வீட்டுக்காரர் சாப்பிட வேண்டும்.

தட்டை நாலு விரற்கடை இடது பக்கம் நகர்த்தினாள். “கையால சாப்பிடுங்க அத்தான்.” அவன் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கையைச் சோற்றில் வைத்தான். அங்கேயே நின்றது கை. இரண்டு மாதமாக எல்லாரும் ஊட்டி ஊட்டிக் கைக்கு வெட்கம் வந்துவிட்டதா, மறந்தே போய்விட்டதா, பயமா, எனக்கு இருக்கிற இதே பயம் அவனுக்கும் இருக்காதா, தொண்டை அவனுடையது அல்லவா. “என்ன?” என்றாள். “இன்ஸ்பெக்சனுக்கு வந்த சிஸ்டர் மாரி மொறச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தா எப்டிட்டி சாப்பிட.” சரி. சரிதானே. அவள் எழுந்துபோய் இன்னொரு தட்டு எடுத்துவந்தாள், அதே மசித்த சோறு, அதே சொதி, எதிரில் உட்கார்ந்து, ஸ்பூனுக்குப் போன வலது கையைத் திருப்பிக் கொண்டுவந்து ஐந்து விரலையும் சோற்றுக்குள் இறக்கினாள். சூடு. முதலில் தெரிந்தது சூடுதான், நாக்குக்கு முன்னால் விரல் சாப்பிடுகிறது, இருபது வருஷமாக இது தெரியாமல் இருந்ததே, விரல் நுனியில் இருக்கும்போதே வாயில் எச்சில் ஊறுகிறது, தொண்டை தானாகத் தயாராகிறது, சோறு வருகிறது சோறு வருகிறது என்று கை முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிடுகிறது. எதிரில் நெல்லையப்பன் மூன்று விரலால் ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்தான். குனிந்தான். தலை இடது பக்கம் சாய்ந்தது, யாரும் சொல்லாமல். விரல் உதட்டில் பட்டது, உதடு குவியவில்லை, கைக்கு என்ன உறிஞ்சல், கட்டைவிரல் உள்ளே தள்ளியது, வாய் மூடியது. சத்தமே இல்லை. காந்திமதி மூச்சை நிறுத்திக்கொண்டாள். குரல்வளை மேலே ஏறியது, நின்றது, பயந்தது, ஏறு, ஏறு, இறங்கியது. இன்னொரு தடவை ஏறி இறங்கியது. “ஆ” என்று அவனே சொன்னான். காய்ந்த ஆ. வெயிலில் காயப்போட்ட அப்பளம்போல ஆ. அடுத்த வாய். அடுத்தது. பச்சடிச் சாற்றில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினான். நாலு, ஐந்து, ஆறு, இருமல் வரும், இப்போது வரும், ஏழாவதில் வரும், வராது, பன்னிரண்டு, எண்ணாதே, வளைவுகளை எண்ணியதுபோல் எண்ணாதே, எண்ணினால்தான் தப்பிக்கலாம் என்று யார் சொன்னது, உன் தட்டைப் பார்த்துச் சாப்பிடு. சாப்பிட்டாள். பசித்தது. இரண்டு மாதமாக அவளுக்கும் பசித்ததில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. இஞ்சி காட்டமாக ஏறியது, தேங்காய்ப்பால் அதை இறக்கிவைத்தது, எலுமிச்சை ஓர் ஓரத்தில் நின்று சிரித்தது. அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டாள். நிமிர்ந்தபோது அவன் தட்டில் மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை. ஆள்காட்டி விரலால் தட்டை வழித்துக்கொண்டிருந்தான், வட்டமாக, பொறுமையாக. வழித்ததை விழுங்கினான், இரண்டு தடவை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள் குலுங்கியது, அவளுக்கு உயிர் போயிற்று, இருமல், வந்துவிட்டது, இல்லை, சிரிப்பு. “ஏட்டி,” என்றான், “சொதிக்கு உப்பு ஒரு கல்லு கம்மி, இஞ்சி சரியா நிக்கி, எலுமிச்ச கொஞ்சம் முந்திப் புழிஞ்சிட்ட. அதெல்லாம் இருக்கட்டும். கான்வென்ட்டு புள்ளைக்கு மொழங்கை வரைக்கும் வழியுது, அதத் தொடை மொதல்ல.” முழுசாக. ஒரே மூச்சில். ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு முந்நூறாவது கோப்பைக்குத் தீர்ப்புச் சொல்கிற அதே காய்ந்த குரலில். அவள் ‘ஆ’ சொல்லச் சொல்லி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யோசித்தாள், எத்தனையோ வாய்க்கு முன்னால், நினைவே இல்லை. நாளைக்கு அந்த மெஷின் எதைக் காட்டினாலும் சரி, இந்தத் தட்டை மேடத்துக்குக் காட்டுவேன், கழுவாமலே எடுத்துக்கொண்டு போவேன். “இன்னும் கொஞ்சம் சோறு இருக்கா?” என்றான். இருக்கிறது, இருக்கிறது, சட்டியில் இருக்கிறது, எழுந்திருக்கப் போனபோது வாசலில் வேன் ஹாரன் அடித்தது, அப்புறம் வடிவின் ஷூ படியில் தடதடத்தது. காந்திமதி இடது கையால் தாழ்ப்பாளை இழுத்தாள். வாசலில் பையும் மப்ளருமாக நின்ற வடிவு அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள், அவள் வாய் திறந்தபடியே நின்றது. முழங்கை வரைக்கும் சொதி வழிகிற வலது கையைக் காந்திமதி கீழே இறக்கவில்லை, தலைக்குமேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “வா வா, சீக்கிரம் கைய கழுவிட்டு வா, அப்பா ரெண்டாவது சோறு கேக்காங்க” என்றாள்.